காசோலை யார் பெயரில் வரும்?

அமெரிக்காவில் ஹை ஸ்கூல் படிக்கும் ஒரு பெண் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறாள். பக்கத்துத் தெருப் பையன் பழைய லேப்டாப்களைப் பழுதுபார்த்து விற்கிறான். இதைக் காட்டிக் கல்லூரிக்கு ஸ்காலர்ஷிப் வாங்க முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். முடியும். பள்ளி மாணவர்களின் தொழில் முயற்சிக்கென்றே நடக்கும் போட்டிகள் அங்கே ஏராளம். ஆனால் அடுத்த கேள்வி பெரும்பாலும் "எதில் பரிசு அதிகம்?" என்பதாகவே இருக்கிறது. கணக்கு தப்புவது அங்கேதான். தொகையைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது, அந்தப் பணம் எந்த உருவத்தில், யார் பெயருக்கு வருகிறது என்பது.

போஸ்டரில் எல்லாம் ஒரே மாதிரி "பத்தாயிரம் டாலர்" என்றுதான் போட்டிருக்கும். உள்ளே போனால் ஒன்று கல்லூரிக்கு நேராகப் போகும் காசோலை, இன்னொன்று பிள்ளையின் கைக்கு வரும் ரொக்கம், மூன்றாவது வியாபாரத்துக்கு மட்டுமே செலவழிக்க வேண்டிய விதைப்பணம். நான்காவதாக ஒன்று உண்டு: குறிப்பிட்ட ஒரு கல்லூரி தன் கட்டணத்தில் தரும் தள்ளுபடி. ஆண்டுக்கு அறுபதாயிரம் டாலருக்கு மேல் கேட்கும் தனியார் பல்கலைக்கழகம் பத்தாயிரத்தைக் குறைத்தாலும், உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்தான் சிறியதாக இருக்கும். அந்தக் கல்லூரியில் சேரும் எண்ணமே இல்லையென்றால் அது பரிசே இல்லை, விளம்பரம்.

அடுத்தது, பிள்ளையின் வியாபாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது. யோசனை மட்டும் இருக்கிறதா, நாலு பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்களா? இரண்டுக்கும் ஏற்ற போட்டிகள் வேறு வேறு.

யோசனை அளவில் இருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு டயமண்ட் சேலஞ்ச். டெலவேர் பல்கலைக்கழகத்தின் ஹார்ன் தொழில்முனைவு மையம் நடத்துகிறது. 14 முதல் 18 வயது வரை யாரும் சேரலாம், எந்த நாட்டிலிருந்தும் சேரலாம், நுழைவுக் கட்டணம் கிடையாது. வணிகம், சமூகம் என இரண்டு பிரிவுகள். கட்டணம் இல்லை என்பதாலேயே கூட்டம் அதிகம். பரிசு கிடைக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம். ஒரு யோசனையைச் சில பக்கங்களில் எழுதிக் காட்டும் பயிற்சியாக எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை. பிள்ளைக்கு இயந்திரமும் எலக்ட்ரானிக்ஸும்தான் பிடிக்கும் என்றால் கான்ராட் சேலஞ்ச் பொருந்தும். நிலவில் நடந்த அப்பல்லோ 12 விண்வெளி வீரர் பீட் கான்ராட் பெயரில், அவருடைய மனைவி நான்சி கான்ராட் தொடங்கியது. இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுவாகச் சேர வேண்டும். தனியாக வேலை செய்யும் சுபாவம் உள்ள பிள்ளைக்கு ஒத்துவராது.

இருப்பதில் எனக்கு அதிக மதிப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில்முனைவு கற்றுத்தரும் என்.எஃப்.டி.இ. அமைப்பின் மேல். எல்லோரும் அதை 'நிஃப்டி' என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்ப் பங்குச்சந்தைக் குறியீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வியாபாரத்தை விட்டு ஆசிரியராக வந்த ஸ்டீவ் மரியாட்டி நியூயார்க்கில் 1987-இல் தொடங்கினார். பள்ளிப் படிப்பில் ஒட்டாத ஏழைப் பிள்ளைகள் பணக் கணக்கு என்றால் நிமிர்ந்து உட்கார்வதைக் கண்டுதான் அவர் இதில் இறங்கினார். அதன் போட்டி வகுப்பறையில் தொடங்கி, வட்டாரம் தாண்டி, தேசிய இறுதிச்சுற்று வரை போகிறது. பதின்மூன்று வயதில் தலைமுடிக்கான பொருட்களைத் தயாரித்து விற்கத் தொடங்கிய ஜாஸ்மின் லாரன்ஸ் இவர்களின் முகாமிலிருந்து வந்தவர். 2009-இல் வந்த 'டென் நைன் எய்ட்' என்ற ஆவணப்படம் இந்தப் போட்டியைப் பற்றியதுதான்; பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை பார்க்கலாம். ஒரே சிக்கல், நிஃப்டி பாடத்திட்டம் நடக்கும் பள்ளியிலோ அதன் திட்டத்திலோ படிக்கும் பிள்ளைதான் சேர முடியும். வசதியான புறநகர்ப் பள்ளிகளில் அது அபூர்வம்.

நிஃப்டி கற்றுத்தரும் ஒரு கணக்கை எந்தப் போட்டிக்குப் போகும் பிள்ளையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பொருளை விற்றால் கையில் என்ன நிற்கிறது என்பதுதான் அது. முறுக்கு பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். விலை 8 டாலர். மாவு, எண்ணெய், எள் எல்லாம் 1.80. பை, லேபிள் 0.50. கார்டு தேய்க்கும் கட்டணம் 0.30. மீதம் 5.40 என்று பிள்ளை மகிழ்ந்துபோய் அங்கேயே நிறுத்திவிடும். தன் உழைப்பைப் போடாது. ஒரு பாக்கெட்டுக்குக் கால் மணி நேரம், மணிக்கு 15 டாலர் என்று வைத்தால் 3.75 போய் 1.65-தான் மிஞ்சும். சனிக்கிழமைச் சந்தையில் மேசை வாடகை 40 டாலர் என்றால், அதை எடுக்கவே 25 பாக்கெட் விற்க வேண்டும். அதற்கு ஆறேகால் மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். விலையை ஏற்றுவதா, அச்சை மாற்றி வேகமாகப் பிழிவதா, மேசையை விட்டுவிட்டு நவராத்திரி ஆர்டர் மட்டும் எடுப்பதா? இதற்குப் பிள்ளையிடம் ஒரு பதில் இருந்தால் நடுவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். அம்மாவின் உழைப்பை யார் கணக்கில் சேர்ப்பது என்று நடுவர் கேட்டால் பதில் இருக்கிறதா என்பதையும் வீட்டிலேயே ஒருமுறை பேசிவிடுங்கள். சமையலறைப் பண்டம் என்றால் உங்கள் மாநிலத்தின் வீட்டுத் தயாரிப்பு உணவுச் சட்டத்தையும் படித்துவிட வேண்டும். சோதனை செய்யப்படாத வீட்டுச் சமையலறையில் செய்தது என்று லேபிளில் அச்சிடச் சொல்லும் மாநிலங்கள் பல.

நிஃப்டி இல்லாத பள்ளியில் டெக்கா இருக்க வாய்ப்பு அதிகம். 1946-இலிருந்து இருக்கும் மாணவர் அமைப்பு. பள்ளியில் அதன் கிளை இருந்தால்தான் சேரலாம். யோசனைக்கு ஒரு பிரிவு, புதிதாகத் தொடங்குவதற்கு ஒரு பிரிவு, ஏற்கெனவே நடக்கும் வியாபாரத்தை வளர்ப்பதற்கு ஒரு பிரிவு என்று பிரித்து வைத்திருப்பது இதன் பலம். கடைசிப் பிரிவுக்கு வியாபாரம் பிள்ளையின் பெயரில் இருப்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். மாவட்டம், மாநிலம் கடந்து ஏப்ரல் மாதச் சர்வதேச மாநாடு வரை போனால் விமானமும் ஹோட்டலும் பெரும்பாலும் உங்கள் செலவு. மேடையில் கிடைக்கும் கண்ணாடிக் கேடயத்தைவிட அந்தப் பயணச் செலவு பெரியதாக இருக்கும். டெக்காவில் சேர்வது அனுபவத்துக்காக என்று தெளிவாக இருந்தால் நல்லது.

வியாபாரம் நிஜமாகவே ஓடுகிறது என்றால் மேடைப் போட்டிகளை விட்டுவிட்டு விண்ணப்ப வழியில் கிடைக்கும் உதவித்தொகைகளைப் பாருங்கள். கோகோ கோலா ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 150 சீனியர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் தருகிறது. அது தொழிலுக்கான பரிசு இல்லைதான். ஆனால் மூன்று ஆண்டு ஒரு வியாபாரத்தை நடத்தி, இரண்டு பேருக்கு வேலை கொடுத்த பிள்ளைக்கு, தலைமைப் பண்பைப் பற்றி எழுதச் சொன்னால் கை தயங்காது. விண்ணப்பிப்பவர்கள் லட்சத்துக்கு மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முயற்சி லாபத்துக்கு இல்லாமல் சேவையாக இருந்தால் பாரன் பரிசு உண்டு, எழுத்தாளர் டி.ஏ. பாரன் 2001-இல் தொடங்கியது, முதல் நிலை வெற்றியாளர்களுக்கு 10,000 டாலர்.

தொழில்நுட்ப முதலீட்டாளர் பீட்டர் தீல் தரும் ஃபெலோஷிப்பைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் பணம் பெரிது. ஆனால் கல்லூரியை விட்டால்தான் தருவார்கள். கல்லூரிக்குப் பணம் தேடும் வீட்டில் அந்தப் பேச்சு எதற்கு!

நம் குடும்பங்கள் பல கவனிக்காத இடம் விசா. பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. வேலை அட்டை தகுதியுள்ள சில வாழ்க்கைத் துணைகளுக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு இல்லை. சொந்தமாகப் பொருள் செய்து விற்றுச் சம்பாதிப்பதும் வேலை என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். கிரீன் கார்டு வரிசையில் பத்தாண்டாக நிற்கும் வீட்டில் முறுக்கு பாக்கெட்டுக்காக அந்த ஆபத்து வேண்டாம். யோசனை அளவிலான போட்டிகளே அவர்களுக்குப் பாதுகாப்பு. பரிசை வாங்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கோகோ கோலா போன்றவை குடிமக்கள், நிரந்தரவாசிகள், இன்னும் சில பிரிவினருக்கு மட்டுமே. எச்-4 அதில் இல்லை.

ஜெயித்த பிறகும் கணக்கு முடிவதில்லை. வெளியிலிருந்து 5,000 டாலர் வந்தால், கல்லூரி தான் கொடுக்கவிருந்த மானியத்தில் அதே 5,000-ஐக் குறைத்துக்கொள்ளலாம். பொதுக் கல்லூரிகளில் இதைத் தடுத்து முதலில் சட்டம் போட்ட மாநிலம் மேரிலாந்து, 2017-இல். பல மாநிலங்களில் இன்னும் தடை இல்லை. ஆகவே நிதியுதவி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "முதலில் கடனைக் குறைப்பீர்களா, மானியத்தைக் குறைப்பீர்களா?" இருவரும் ஐடியில் நல்ல சம்பளம் வாங்கும் வீட்டுக்கு வருமானம் பார்த்துத் தரும் மானியம் பெரும்பாலும் கிடைப்பதே இல்லை, அவர்களுக்கு வெளிப்பணம் முழுசாகக் கையில் நிற்கும். மானியத்தை நம்பியிருக்கும் குடும்பம்தான் கவனமாக இருக்க வேண்டும். ரொக்கப் பரிசு பிள்ளையின் வங்கிக் கணக்கில் கிடந்தால் ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசு நிதியுதவி விண்ணப்பத்தின் கணக்கில் அதில் 20 சதவீதம் கல்லூரிச் செலவுக்கு உரியதாக எடுத்துக்கொள்ளப்படும். பெற்றோர் சேமிப்பில் உச்சமே ஆறு சதவீதத்துக்குள்தான்.

வரியும் உண்டு. ஸ்காலர்ஷிப் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் போனால் வரியில்லை. சாப்பாட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் போன பகுதிக்கு உண்டு. ரொக்கப் பரிசு வருமானம். வியாபார லாபம் ஆண்டுக்கு 400 டாலரைத் தொட்டால் பதினாறு வயதானாலும் சுயதொழில் வரி 15.3 சதவீதம் கட்ட வேண்டும். அந்த வரிப் படிவம் வியாபாரம் உண்மை என்பதற்கு நல்ல சாட்சி என்பதால் நான் அதைச் செலவாக நினைப்பதில்லை.

"உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், இந்தக் கட்டணத்தைச் செலுத்துங்கள்" என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். யோசனை வேண்டாம்.

பள்ளியில் நிஃப்டி இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. இல்லாவிட்டால் டெக்காவில் ஓராண்டு, பிறகு டயமண்ட். ஒரே ஆண்டில் இரண்டுக்கு மேல் வேண்டாம். பிள்ளைக்குப் படிக்கவும் நேரம் வேண்டும், முறுக்கு விற்கவும் நேரம் வேண்டும். விதிகளும் தொகைகளும் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டின் விதிமுறையை முழுதாகப் படித்த பிறகே பெயர் கொடுங்கள். கோகோ கோலா விண்ணப்பம் மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய சில வாரங்களில், செப்டம்பர் கடைசியில் மூடிவிடும். கோடை விடுமுறையிலேயே எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.