பிள்ளைகளின் அலர்ஜி மருந்து: பெற்றோர் அறிய வேண்டியவை

பனிக்காலம் வந்தால் நம் வீடுகளில் தும்மலும் மூக்கொழுகலும் தொடங்கிவிடும். போன முறை வாங்கிய சிரப் அலமாரியில் பாதி இருக்கும். "அண்ணனுக்கு நல்லாக் கேட்டுச்சே" என்று அதையே தம்பிக்கும் ஊற்றிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். டாக்டர் எழுதும் சீட்டு ஒரு பிள்ளையின் வயதையும் எடையையும் பார்த்து எழுதப்படுவது. அது ஏன் அடுத்த பிள்ளைக்குப் பொருந்தாது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

தூசி, பூஞ்சை, பூனை முடி போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளையின் உடலில் ஹிஸ்டமின் என்ற பொருள் சுரக்கிறது. தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாம் பெரும்பாலும் அதனால் வருபவை. அலர்ஜி மருந்து ஹிஸ்டமினைத் தடுத்துத் தொல்லையைக் குறைக்கும். அலர்ஜியை வேரோடு நீக்காது.

பழைய வகை: குளோர்பெனிரமின், புரோமெத்தசின் போன்றவை தூக்கத்தை உண்டாக்கும். பிள்ளை தூங்கிவிட்டால் நோய் குணமானதாக ஆகாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு புரோமெத்தசின் கொடுத்தால் மூச்சே தடைபடக்கூடும். குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. அண்ணனுக்கு 6 வயது, தம்பிக்கு 3 வயது என்றால், ஒரே பாட்டில் ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு ஆபத்து.

புதிய வகை: செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் போன்றவற்றில் தூக்கம் குறைவு. இவற்றிலும் அளவு முக்கியம். சொட்டு மருந்து சிரப்பைவிடப் பல மடங்கு செறிவாக இருக்கலாம். ஆகவே சிரப்புக்குச் சொன்ன மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றக்கூடாது. சமையலறை ஸ்பூன்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. பாட்டிலோடு வரும் மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து கொடுங்கள்.

மான்டிலுகாஸ்ட்: லெவோசெட்டிரிசினோடு சேர்த்து நம் ஊரில் அடிக்கடி எழுதப்படுகிறது. சில பிள்ளைகளுக்கு இதனால் கெட்ட கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், மனச்சோர்வு வரலாம். அமெரிக்க மருந்துத் துறை 2020 மார்ச்சில் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. பிள்ளையின் குணத்தில் மாற்றம் தெரிந்தால் "அடம் பிடிக்கிறான்" என்று விட்டுவிடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூக்கு ஸ்பிரே: மூக்கடைப்பு நீடித்தால் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதுவார்கள். ஒரு நாளில் பலன் தெரியாது. சொன்ன நாள்வரை தினமும் அடித்தால்தான் பயன் தரும்.

சிரப்பில் ஆல்கஹால் இருக்குமோ என்ற தயக்கத்தில் சிலர் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை. மருந்து எழுதும்போதே கேட்டால், ஆல்கஹால் இல்லாத சிரப் எதுவென்று டாக்டர் சொல்வார்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். ஏதாவது சாப்பிட்ட பின்போ, குளவி கொட்டிய பின்போ, ஊசி போட்ட பின்போ பிள்ளைக்கு உதடு, நாக்கு வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், மயங்கிச் சரிந்தாலும் அலர்ஜி சிரப் காப்பாற்றாது. அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும். சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மருந்தின் பெயர் என்ன? எத்தனை மில்லி, எத்தனை நாள்? எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்? பதிலைப் பாட்டிலின் மேலேயே பிள்ளையின் பெயரோடு எழுதி ஒட்டுங்கள். சொன்ன நாள் முடிந்ததும் மீதியை அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.