ஆற்று மணலில் படுக்கலாமா?

காளஹஸ்தி கோயில் சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ளது. வேனில் ஊர் ஊராகச் செல்வோர் வழியில் சமைத்துச் சாப்பிடுவது உண்டு. இரவில் வண்டியை ஓரமாக நிறுத்திப் படுப்பதும் உண்டு. விடுதிச் செலவு மிச்சம்.

காய்ந்த ஆற்று மணல் படுக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அது ஆபத்தான இடம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழைக்காலம். மேலே மலையில் பெருமழை பெய்தால் ஆறு திடீரெனப் பெருகும். தூங்குகிறவருக்குத் தெரியாது. 2021 நவம்பரில் சுவர்ணமுகியில் பெருவெள்ளம் வந்தது.

ஆகவே வண்டியை மேட்டில் நிறுத்த வேண்டும். உள்ளூர்க்காரரைக் கேட்டே தங்க வேண்டும். காலையில் குப்பையை அள்ளிக்கொண்டு புறப்பட வேண்டும்.

கேள்வி: நீங்கள் படுத்த இடத்தில் மழை இல்லை. ஆற்றில் வெள்ளம் வருமா? ஏன்?