கணிப்பொறியின் காவற் கதவு



பழக்கமில்லாத இடத்தில் கணிப்பொறியை வைஃபையுடன் இணைக்கும்போது அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. 'இந்த வலைப்பின்னல் பப்ளிக்கா, பிரைவேட்டா?' என்பதே அக்கேள்வி. சில விண்டோஸ் பதிப்புகளில் இது நேரடியான கேள்வியாகவே வரும். விண்டோஸ் 11 தானாகவே பப்ளிக் என்று வைத்துக்கொண்டு, மாற்றும் உரிமையை நம்மிடம் விட்டுவைக்கிறது. நம்மில் பலர் இதனைப் படிப்பதேயில்லை; இணையம் கிடைத்தால் போதுமென்று முதலில் கண்ணிற்படும் பொத்தானை அழுத்திவிடுகிறோம். பாதுகாப்பு மென்பொருள் எத்தனை திறமை வாய்ந்ததாயினும், நாம் அமர்ந்திருப்பது நம் வீட்டுத் திண்ணையிலா, பேருந்து நிலையத்திலா என்பதை அது தானாக அறிய இயலாது. நாம்தான் சொல்ல வேண்டும். நாம் சொல்லும் விடையைக் கொண்டே அது சில கதவுகளைத் திறக்கிறது, சிலவற்றை அடைக்கிறது.

முதலில் இக்கதவுகள் எவை என்று பார்ப்போம். வலைப்பின்னலில் இணைந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி உண்டு. ஆனால் ஒரே முகவரியில் பல வேலைகள் நடைபெறுவதால், எந்தச் செய்தி எந்த வேலைக்கு உரியது என்று பிரித்தறிய எண்ணிட்ட கதவுகள் வைக்கப்பட்டுள்ளன. இவற்றைப் போர்ட் என்பர். எண்கள் 0 முதல் 65,535 வரை செல்கின்றன. இணையத் தளங்களை அளிக்கும் கணிப்பொறிகளில் 80, 443 ஆகிய கதவுகள். அஞ்சலை ஏற்கும் கணிப்பொறிகளில் 25. விண்டோஸில் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள 445. தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்க 3389. கதவுக்குப் பின்னால் ஏதேனும் ஒரு மென்பொருள் அமர்ந்து காதுகொடுத்துக் கொண்டிருந்தால்தான் அது கதவு. இல்லையேல் வெறும் சுவர். தொல்லை என்னவென்றால், நாம் ஒன்றும் செய்யாத புதுக் கணிப்பொறியிலும் சில மென்பொருள்கள் முன்னரே அமர்ந்து காதுகொடுத்துக் கொண்டுதான் இருக்கின்றன.

இக்கதவுகளுக்குக் காவல் நிற்பதுதான் ஃபயர்வால். ஒரு கட்டடத்தில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குத் தாவாமல் தடுக்க எழுப்பும் கனத்த சுவருக்கு ஆங்கிலத்தில் இப்பெயர். கணிப்பொறியாளர் அப்பெயரைக் கடன் வாங்கிக்கொண்டனர். என் மனத்திற்கு, சுவரைவிட நம் விடுதி வாயிற்காவலரே இதற்குப் பொருத்தமான உவமை. விடுதிப் பெண் ஒருத்தி வீட்டிற்குக் கடிதம் எழுதினாள் என்பது காவலருக்குத் தெரியும். அதற்குப் பதில் வந்தால் தடுக்காமல் உள்ளே அனுப்புவார். எவரும் கேட்காமல் தானாக வந்து நிற்கும் அந்நியரை வாயிலிலேயே நிறுத்திவிடுவார். ஃபயர்வாலும் அவ்வாறே. நாம் ஒரு தளத்தைத் திறந்தால் அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, அத்தளத்தின் பதிலை உள்ளே விடுகிறது. வெளியிலிருந்து தானாகத் தொடங்கும் தொடர்பை, அனுமதி விதி ஒன்று இருந்தாலொழிய, ஏற்பதில்லை. இந்த அனுமதி விதிகளை ஒழுங்காக அமைப்பதுதான் நம் பாடம்.

இவ்வமைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சி நல்ல சான்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் பிளாஸ்டர் என்னும் புழு நிரல் இணையத்தில் பரவத் தொடங்கியது. இது எவரிடமும் அஞ்சலைத் திறக்கச் சொல்லவில்லை, எதையும் அழுத்தச் சொல்லவில்லை. 135ஆம் எண் கதவு திறந்திருந்த விண்டோஸ் கணிப்பொறியை நாடிச் சென்று நுழைந்தது. திரையில் அறுபது வினாடி எண்ணிக்கை ஓடும்; பின்னர்க் கணிப்பொறி தானே அணைந்து மீண்டும் தொடங்கும். பிழையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூலை 16ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஆனால் திருத்தத்தை இறக்கிக்கொள்ள இணையத்தில் இணைய வேண்டும். இணைந்தால் புழு வந்துவிடும்! வேடிக்கையும் வேதனையும் இதிலேதான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் ஏற்கெனவே இருந்தது. அதன் சுவிட்ச் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனைப் போட்டுவிட்டு இணைந்தவர்கள் நிம்மதியாகத் திருத்தத்தை இறக்கிக்கொண்டனர். 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து ஃபயர்வால் தானாகவே இயங்கும்படி செய்யப்பட்டது.

அதன் பின்னும் பாடம் முழுதும் பயிலப்படவில்லை. 2017 மே 12ஆம் நாள் வானாகிரை என்னும் நிரல் 445ஆம் கதவு வழியாகப் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் 236 பொது மருத்துவமனை நிர்வாகங்களுள் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன. சுமார் 19,000 நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டனர். ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி நம் கவனத்திற்குரியது. திருத்தங்கள் இடப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இணையத்தை நோக்கியுள்ள ஃபயர்வால்களை முறையாகக் கவனித்திருந்தால் மருத்துவமனைகள் தொற்றிலிருந்து காக்கப்பட்டிருக்கும் என்பதே அது. அமைப்புப் பக்கத்தில் விட்டுப்போன ஒரு விதி, பிணியாளர் ஒருவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பும் அளவிற்கு வளரக்கூடும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். பிரைவேட் என்று விடையளித்தால், அதே வலைப்பின்னலில் உள்ள மற்றக் கணிப்பொறிகள் நம்முடையதைக் கண்டுகொள்ளலாம். கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர வழி திறக்கும். பப்ளிக் என்றால் நம் கணிப்பொறி ஒதுங்கி மறைந்திருக்கும். டொமைன் என்று மூன்றாவது வகையும் உண்டு; அது பெரிய அலுவலகங்களுக்கு உரியது, நாம் தேர்ந்தெடுப்பதன்று. பப்ளிக் என்று வைத்தால் இணையம் வேலை செய்யாது என்று பலர் எண்ணுகின்றனர். இது பிழை. தளங்களைப் பார்க்கலாம், அஞ்சல் அனுப்பலாம், வகுப்பைக் காணொளியில் கேட்கலாம். இவையெல்லாம் நாம் தொடங்கும் தொடர்புகளல்லவா?

எது பப்ளிக், எது பிரைவேட் என்று தீர்மானிப்பதில்தான் தடுமாற்றம். கடவுச்சொல் கேட்டால் பிரைவேட் என்பது பலருடைய கணக்கு. தேநீர்க்கடைச் சுவரில் அச்சிட்டு ஒட்டிய கடவுச்சொல்லைப் பார்த்த எவரும் உள்ளே வரலாமே! உள்ளே இருப்பவர் அனைவரையும் எனக்குத் தெரியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அம்மா, அப்பா, தம்பி, பாட்டி மட்டும் பயன்படுத்தும் வீட்டு வலைப்பின்னல் பிரைவேட். ரயில் நிலையமும் பிரௌசிங் சென்டரும் பப்ளிக் என்பதில் ஐயமில்லை. விடுதி? எண்பது பேர் சேர்ந்திருக்கும் விடுதி நமக்கு வீடு போலத்தான். ஆயினும் எண்பது கணிப்பொறிகளில் எதில் என்ன புகுந்திருக்கிறது என்பது அதன் சொந்தக்காரிக்கே தெரியாது. ஆகவே அங்கும் பப்ளிக் என்றே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பங்குத் திருவிழா நாளில் பள்ளி மைதானம் ஊருக்கெல்லாம் திறந்திருக்கும். அன்றைக்குத்தான் சகோதரிகள் விடுதியின் உட்கதவை மறவாமல் தாழிடுவார்கள். வந்தவர்கள் மீது வெறுப்பா? இல்லை. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது, அவ்வளவே.

அடுத்து, அனுமதி விதிகள். அக்காவின் கணிப்பொறியில் மாட்டியுள்ள பிரிண்டருக்கு நம் கணிப்பொறியிலிருந்து அச்சிட முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். உடனே ஒருவர், 'ஃபயர்வாலை அணைத்துப் பார்' என்பார். அணைத்தவுடன் அச்சு வரும். அச்சு வந்த மகிழ்ச்சியில் அணைத்தது மறந்துபோகும். ஒரு சாளரத்தைத் திறப்பதற்காக வீட்டுச் சுவரையே இடித்துவிட்டு உறங்கப் போவதற்கு ஒப்பானது இது. செய்ய வேண்டியது வேறு. பிரிண்டர் உள்ள கணிப்பொறியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஃபயர்வால் பகுதிக்குச் சென்று, மென்பொருள்களை அனுமதிக்கும் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் கோப்பு, பிரிண்டர் பகிர்வுக்கு ஒரு வரி இருக்கும். அவ்வரியின் எதிரே பிரைவேட், பப்ளிக் என இரு கட்டங்கள். பிரைவேட் கட்டத்தில் மட்டும் குறியிட்டால் வீட்டில் அச்சு வரும், வெளியில் கதவு அடைந்திருக்கும். கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவிகள் இன்னும் ஒரு படி சென்று, மேம்பட்ட அமைப்புகளில் அவ்விதி எந்த முகவரிகளுக்குச் செல்லும் என்றும் வரையறுக்கலாம். 'லோக்கல் சப்நெட்' என்று வைத்தால் அதே வலைப்பின்னலில் உள்ளவை மட்டுமே அணுக முடியும்.

புதிய விளையாட்டையோ வேறு மென்பொருளையோ முதன்முறை இயக்கும்போது, இதனை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி எழும்பலாம். அம்மென்பொருள் வெளியிலிருந்து தொடர்புகளை ஏற்க விரும்புகிறது என்பது இதன் பொருள். ஏன் ஏற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியாவிட்டால் கேன்சல் என்பதே தக்க விடை. பெரும்பாலும் மென்பொருள் அதன் பிறகும் நன்றாகவே ஓடும். பயணத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு வசதியும் உண்டு: பப்ளிக் பகுதியில், உள்வரும் தொடர்புகள் அனைத்தையும் தடு என்னும் கட்டத்தில் குறியிட்டால், முன்பு அனுமதித்த மென்பொருள்களுக்கும் கதவு அடைபடும்.

விலைக்கு வாங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில, தமக்கென ஒரு ஃபயர்வாலைக் கொண்டுவந்து விண்டோஸினுடையதை ஓய்வு கொள்ளச் செய்யும். அதில் குற்றமில்லை. ஆனால் சந்தா முடிந்த பின் இரண்டில் எது காவல் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாமே அழைத்து வருபவரை எந்தக் காவலரும் தடுப்பதில்லை. அஞ்சலில் வந்த இணைப்பைத் திறப்பவளுக்கு ஃபயர்வாலால் அதிகப் பயனில்லை.

ஒருமுறை சொன்ன விடையைக் கணிப்பொறி அந்த வலைப்பின்னலின் பெயருடன் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே என்றோ தவறாக அழுத்தியது இன்றும் நடப்பிலிருக்கும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் வைஃபைக்குச் சென்று, இணைந்திருக்கும் வலைப்பின்னலின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் அது எவ்வகை என்பது தெரியும், அங்கேயே மாற்றலாம். அருகிலேயே, முன்பு இணைந்த வலைப்பின்னல்களின் பட்டியலும் இருக்கும். சென்ற ஆண்டு சுற்றுலாவில் தங்கிய விடுதியின் பெயர் அதில் இன்னும் இருந்தால், ஃபர்கெட் என்னும் பொத்தானை அழுத்தி நீக்கிவிடுங்கள்.