கிளாரினெட் வெடிக்காமல் இருக்க

முதலில் பாரலைச் சுற்றியிருக்கும் உலோக வளையத்தைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசையக் கூடாது. ஆடினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. விரிசல் வர அதிக நாள் ஆகாது.

வறட்சி மட்டுமே காரணம் இல்லை. வாசிக்கும்போது சூடும் ஈரமுமான மூச்சு பட்டு உள்துளை உப்புகிறது. வெளிப்பக்கம் காய்ந்தே இருக்கிறது. இந்த இழுபறியில் கிரனடில்லா போன்ற கெட்டி மரமும் நார்வாக்கில் பிளந்துவிடும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது மேல் பகுதிதான். (பிளாஸ்டிக் கிளாரினெட்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.) நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்யப் பழைய வீடுகளில் கழித்த ஆச்சா மரத்தைத் தேடி எடுப்பார்கள். பல்லாண்டு காய்ந்து அடங்கிய மரம் அவ்வளவாக அசையாது.

புது வாத்தியத்தைப் பழக்கியெடுக்க வேண்டும். முதல் வாரம் ஒரு நாளைக்கு 10, 15 நிமிடம் போதும். பிறகு வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம். வாங்கிய கையோடு முழுக் கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் பெரிய ஆபத்து.

ஏசி அரங்கில் சில்லிட்டுக் கிடக்கும் கிளாரினெட்டுக்குள் எடுத்த எடுப்பில் ஊதாதீர்கள். மேல் பகுதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சில நிமிடம் இருங்கள். வெளிப்பக்கத்துக்கும் சூடு ஏறட்டும்.

வாசித்து முடித்ததும் பகுதிகளைக் கழற்றித் துணி விட்டு இழுங்கள். ரெஜிஸ்டர் துளையின் குழாய் உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். துணி சுருண்டால் அங்கே சிக்கும், விரித்துவிட்டே இழுங்கள். பகுதிகள் பொருந்தும் குழிகளிலும் ஈரம் தேங்கும், அதையும் துடையுங்கள். நீண்ட ஒத்திகை என்றால் இடையிலும் ஒருமுறை.

பெட்டியை வெயிலில் நிற்கும் காரிலும் ஏசியின் நேர்க்காற்றிலும் வைக்க வேண்டாம். உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி இருக்கட்டும். 40 முதல் 60 சதவீதம் வரை சரி. அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் ஈரப்பதம் தரும் குழாயைப் போடுங்கள். ஆரஞ்சுத் தோல் போடுவது பழைய வைத்தியம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சைதான் பிடிக்கும்.

எண்ணெய் போடுவதில் வித்வான்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. போட்டால் அதற்கென விற்கும் எண்ணெயை உள்துளையில் மெல்லப் பூசுங்கள், பேடுகளில் படாமல். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மயிரிழைக் கோடு தெரிந்தால் அன்றே வாசிப்பதை நிறுத்துங்கள். நீங்களாகப் பசையை ஊற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சீக்கிரம் போனால் ஒட்டியோ ஊசி இறக்கியோ காப்பாற்றிவிடுவார்.