பத்து நாளில் ஸ்டேஜ் ஏறுமா?

கேள்வி: என் பெரியப்பாவுக்கு 72 வயது. கன்னத்தில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனுக்கு முன் ‘இரண்டாம் ஸ்டேஜ்’ என்றார்கள். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் ‘பி டி2 என்1, மூன்றாம் ஸ்டேஜ்’ என்று இருக்கிறது. அதற்குள் நோய் வளர்ந்துவிட்டதா? இந்தக் கணக்கை முதலில் போட்டது யார்?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: வளரவில்லை. முன்பு கண்ணில் படாதது இப்போது பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்று முதல் நான்கு வரை ஸ்டேஜ் போடும் வழக்கம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து வந்தது. ரேடியம் வைத்தியம் பரவிய காலம். இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பாரிஸில் ஒரு கணக்குச் சொன்னார்கள், ஸ்டாக்ஹோமில் வேறு கணக்கு. யாரிடம் முற்றிய நோயாளிகள் அதிகம் போனார்கள் என்று தெரியாமல் எதை எதோடு ஒப்பிடுவது? முதல் உலகப்போருக்குப் பின் உருவான பன்னாட்டுச் சங்கம் இதற்கென்று ஒரு குழு போட்டு, 1929-இல் நான்கு படிகளை வகுத்தது. போரைத் தடுக்கப் பிறந்த சங்கம் அதில் தோற்றுப்போனது. நான்கு ஸ்டேஜ் மட்டும் நிலைத்துவிட்டது!

டி, என், எம் எழுத்துகள் பிரெஞ்சு மருத்துவர் பியேர் தெனுவா தந்தவை. 1943 முதல் 1952 வரை அவர் இதை உருவாக்கினார். ‘டி’ கட்டியின் அளவு, ‘என்’ நெறிகட்டி, ‘எம்’ வேறு உறுப்புகளுக்குப் பரவியது. முதல் கையேடு 1968-இல் வந்தது.

உங்கள் கேள்விக்குப் பதில் ரிப்போர்ட்டில் உள்ள அந்தச் சின்ன ‘பி’யில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் கையால் தடவியும் ஸ்கேன் பார்த்தும் சொல்வது ‘சி’. வெட்டி எடுத்ததை லேபில் சோதித்துச் சொல்வது ‘பி’. கன்னத்துக் கட்டியோடு கழுத்திலிருந்தும் எடுத்த கொழுப்பை விரலால் துழாவி, நெறிகட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். சில பருக்கை அளவுகூட இருக்காது. மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் ‘1/32’ என்றிருந்தால், சோதித்த 32-இல் ஒன்றில் நோய். இப்படி நெறிகட்டியில் நோய் தெரிந்ததால்தான் ‘என்1’ ஆகி, இரண்டு மூன்றானது.

‘வீக்கமே இல்லாத கழுத்தை ஏன் அறுத்தார்கள்?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் உங்கள் பக்கத்திலேயே, பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் கிடைத்தது. 1941-இல் திறந்த ஆஸ்பத்திரி அது. ஆரம்பநிலை வாய்ப் புற்றுநோயாளிகளில் ஒரு பாதிப்பேருக்கு முதலிலேயே கழுத்து நெறிகட்டிகளை எடுத்தார்கள். மறுபாதிக்கு, நோய் அங்கே தலைகாட்டினால் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். டாக்டர் அனில் டி’குரூஸ் குழு 2015-இல் 500 பேரின் கணக்கை வெளியிட்டது. மூன்றாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், முதல் பிரிவில் நூற்றுக்கு 80. காத்திருந்த பிரிவில் 67.5. முதலிலேயே எடுத்தவர்களில் சுமார் பத்துக்கு மூன்று பேருக்கு, வெளியே தெரியாத நோய் கழுத்தில் இருந்தது. உங்கள் பெரியப்பா அந்த மூவரில் ஒருவர்.

மூன்று என்றதும் நாள் எண்ணத் தொடங்காதீர்கள். ஆஸ்பத்திரிகள் ஒப்பிட்டுப் பார்க்கவும் வைத்தியம் முடிவு செய்யவும் போட்ட எண் அது. ரிப்போர்ட்டில் ஸ்டேஜோடு சேர்த்து இரண்டு வரிகளைத் தேடுங்கள்: வெட்டிய ஓரத்தில் நோய் இருக்கிறதா, நெறிகட்டியின் உறையைத் தாண்டியிருக்கிறதா. கதிர்வீச்சு தேவையா, அதோடு கீமோவும் வேண்டுமா என்பதை இவை பெரிதும் தீர்மானிக்கும். கதிர்வீச்சு வேண்டுமென்றால், ஆபரேஷனிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவதே முறை. எனவே முழு ரிப்போர்ட்டோடு சீக்கிரமே டாக்டரைப் பாருங்கள்.