உழவும் அகிம்சையும்: கரிசல் நிலம் தரும் பாடம்

தீபாவளி நமக்குப் பகவான் மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய திருநாள். அன்று விளக்கேற்றுகிறோம், சிற்றுயிர்கள் வெந்து மடியுமே என்று அஞ்சிப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கிறோம். நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்த நெறி இது. ஆயின், அந்த ஒரு நாளில் காட்டும் கருணையை ஆண்டு முழுவதும் நம் கழனியில் காட்டுகிறோமா? பட்டாசுக்குப் பெயர்பெற்ற சிவகாசி வட்டாரத்தின் கரிசல் நிலமே இவ்வினாவிற்கு விடைகாண உதவும்.

முதற்கண் நெறியைத் தெளிவோம். வாள், வரைவு, உழவு, வாணிகம், வித்தை, சிற்பம் என ஆதிபகவன் அருளிய அறுதொழில்களுள் உழவும் ஒன்று. ஆகவே அது இல்லறத்தார்க்கு விலக்கன்று. இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காக வகுத்தனர். வேண்டுமென்றே செய்வது சங்கல்ப இம்சை. இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. முதலாவதை இல்லறத்தார் அறவே விடல் வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்தல் வேண்டும். ஏர்முனையில் ஒரு புழு மடிவது உத்தியோக இம்சை. கொல்லும் நோக்குடனேயே நஞ்சு தெளிப்பதும் அவ்வகையில் அடங்குமா? அது சங்கல்பத்தை நெருங்குகிறது என்றே கருதுகிறோம்.

சிவகாசி, சாத்தூர்ப் பகுதி மழையை நம்பிய மானாவாரி பூமி. வறட்சி மிக்க இம்மண்ணில்தான் 1923-இல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. எனினும் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, பயறு வகைகள் இன்றும் இங்கு விளைகின்றன. சிவகாசிக்குத் தெற்கே கோவில்பட்டியில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1963-இல் பணியேற்றவர் கோ. நம்மாழ்வார். பருத்தியிலும் சிறுதானியங்களிலும் இரசாயன உரச் சோதனைகளை நடத்திய அவர், விலை மிகுந்த இடுபொருள்கள் மானாவாரி உழவனைக் காக்கமாட்டா என்று உணர்ந்து, 1969-இல் பணியைத் துறந்தார். 2013-இல் மறையும்வரை இயற்கை வேளாண்மையையே ஊர்தோறும் போதித்தார்.

இனிச் செய்முறை காண்போம். கரிசல் உழவர் ஒரே பயிரை நம்புவதில்லை. கம்புடன் துவரையையும், பருத்தியுடன் உளுந்தையும் விதைப்பர். பயறு வகைகளின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். பல பயிர் கலந்த நிலத்தில் ஒரே வகைப் பூச்சி பெருகுவதும் குறையும். அறுவடைக்குப்பின் ஆட்டுக்கிடை போடுவர். எருவைச் சுமந்து செல்லும் செலவில்லை.

பூச்சி மிகுந்தால் வேப்பங்கொட்டைச் சாறு உண்டு. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி மாலையில் தெளித்தல் வேண்டும். இதன் கசப்பு புழுக்களை இலையைத் தின்னவிடாது விலக்குகிறது. இதுவும் முற்றிலும் தீங்கற்றதன்று. சில புழுக்களின் வளர்ச்சியைத் தடுக்கவே செய்யும். ஆகவே தேவை கண்டபின்னரே தெளித்தல் முறை.

வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிகளில் நெல் விளைவிக்கும் நம் குடும்பங்கள் நடவுக்குமுன் தக்கைப்பூண்டு விதைத்து, ஏறத்தாழ 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். இரசாயன உரத்தின் தேவை குறையும்.

முதல் சில பருவங்களில் விளைச்சல் குறையக்கூடும் என்பதை மறைக்கலாகாது. கடன் சுமக்கும் குடும்பத்திற்கு அது பெரும் பாரமே. ஆகையால் நிலம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றவேண்டா. கால் பங்கில் தொடங்குக. வீட்டுக்கு வேண்டிய தானியத்தையும் காய்கறியையும் அதில் விளைவிக்க. வரவு செலவை எழுதிவைத்து ஒப்பிட்டபின் விரிவாக்குக. அணுவிரதம் என்பதும் இயன்ற அளவில் தொடங்கும் விரதமன்றோ?

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விளங்குகின்றன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக்கள், குரவரும் குரத்தியரும் அங்கு அறம் வளர்த்த செய்தியைக் கூறுகின்றன. அம்மலைக்குச் செல்லும் அன்பர்கள் மேலே நின்று சுற்றிலும் விரிந்த நிலத்தையும் நோக்குக. அவ்வறம் கல்லில் மட்டும் நின்றுவிடாமல் நம் கழனியிலும் தழைக்கவேண்டும். வரும் தீபாவளிக்கு முன் நம் நிலத்தில் கால் பங்கையேனும் நஞ்சிலிருந்து விடுவிப்போம்.

அறம் வளர்க!