கமிட் மெயில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சாயல்குடியில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன். கருப்பட்டி வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள். நாங்கள் நான்கு பேர், நான்கு ஊர்களில். ஒருவர் நிரலைத் திருத்தி, ‘கிட்’ என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு நிரலில் கமிட் செய்து (அதாவது மாற்றத்தைப் பதிந்து), சர்வருக்கு ஏற்றியதும் மற்ற மூவருக்கும் தானாக மெயில் வந்துவிடும். ஒருநாள் விடிந்ததும் கைபேசியில் 37 மெயில்கள். எல்லாத் தலைப்புகளும் ரெப்போவின் (நிரல் களஞ்சியத்தின்) நீளமான பெயரில் தொடங்கிப் பாதியில் அறுந்து நின்றன. மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் போய்விட்டேன். அவற்றுள் ஒன்றில் 12.380 கிலோவை 12.4 ஆக்கும் திருத்தம் இருந்தது. எடைச்சீட்டும் பில்லும் ஒத்துவரவில்லை என்று ஒரு வியாபாரி போன் செய்த பிறகுதான் அதைத் தேடிப் பிடித்தேன்.

அதன்பிறகு எங்கள் மெயில்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தோம். நாங்களே நம்பிக்கொண்டிருந்த பல விஷயங்கள் தவறு என்று அப்போது தெரிந்தது.

நம்பிக்கை: தலைப்பை மெயில் அனுப்பும் நிரல் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: நாம் எழுதும் கமிட் குறிப்பின் முதல் வரியைத்தான் அது தலைப்பாக்குகிறது. அந்த வரி 50 எழுத்துகளுக்குள் இருக்கட்டும், அடுத்து ஒரு வெற்று வரி, பிறகு விளக்கம் என்கிறது கிட்டின் கையேடு. வெற்று வரியை விட மறந்தால் முதல் பத்தி முழுவதும் தலைப்பில் போய் அடைந்துகொள்ளும். அன்றைய திருத்தத்தின் தலைப்பு ‘சிறு திருத்தம்’. ‘பில்: கிலோவை ஒரு தசமத்துக்குச் சுருக்கு’ என்றிருந்தால் தூக்கக் கலக்கத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

நம்பிக்கை: கமிட்டுக்கு ஒரு மெயில் என்றால் பெட்டி நிரம்பிவிடும், மொத்தத்துக்கும் ஒன்றே போதும்.

உண்மை: இரண்டும் வேண்டும், கோத்து வேண்டும். கிட்-மல்டிமெயில் என்ற கட்டற்ற நிரல் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு சுருக்க மெயில் அனுப்பி, தனித்தனி கமிட்டுகளை அதற்கான பதில்களாக அனுப்புகிறது. ‘இன்-ரிப்ளை-டு’ என்ற தலைப்புப் புலம்தான் கோக்கும் நூல். மெயில் செயலி அனைத்தையும் ஒரே சரமாக மடித்து வைக்கும். 01/05, 02/05 என்ற எண்கள் வரிசையைக் காட்டும். ரெப்போ பெயரும் தனிப் புலத்தில் வருவதால், அதை வைத்து வடிகட்டித் தனி ஃபோல்டரில் போடலாம். தலைப்பின் முன்னால் அந்தப் பெயர் நீட்டி நிற்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: மாற்றங்களை முழுதாக ஒட்டி அனுப்பினால்தான் விவரம் புரியும்.

உண்மை: எந்தெந்தக் கோப்பில் எத்தனை வரி கூடியது, குறைந்தது என்ற பட்டியல் முதலில் வரட்டும். அதன்பின் வரும் டிஃப்புக்கு (மாறிய வரிகளின் ஒப்பீட்டுக்கு) ஒரு வரி வரம்பு வையுங்கள். கமிட்டின் அடையாள எண் மெயிலில் இருந்தால், மிச்சத்தை ரெப்போவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: தமிழில் எழுதினால் தலைப்பு உடைந்து குப்பையாகிவிடும்.

உண்மை: இதற்கான வழி 1996லேயே ஆர்எஃப்சி 2047 என்ற தர ஆவணத்தில் வகுக்கப்பட்டுவிட்டது. ‘கருப்பட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 30 பைட். பேஸ்64 முறையில் அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த 40 குறிகளாக உருமாறிப் பயணம் செய்து, மறுமுனையில் மீண்டும் கருப்பட்டியாகிறது. தலைப்பு உடைந்தால் குறை தமிழில் இல்லை; இந்த உருமாற்றத்தைச் செய்யாமல் விட்ட ஸ்கிரிப்டில் இருக்கிறது. பிழை எங்கே என்று தாய்மொழியில் சட்டெனச் சொல்ல முடிகிறவர் ஏன் தயங்க வேண்டும்?

நம்பிக்கை: தானாக வரும் மெயிலுக்குப் பதில் போடுவதில் பயனில்லை.

உண்மை: பதில் முகவரியில் கமிட் எழுதியவரை அமைத்துவிட்டால், ‘ரிப்ளை’ நேராக அவரிடம் போகும். சென்ற வாரம் ஒரு தலைப்பு வந்தது: ‘பில்: சாக்கு எடையைக் கழி’. “சாக்குக்கு எடை ஒரே அளவா அண்ணே? ஒவ்வொரு கடையிலும் வேற வேற சாக்கு வச்சிருக்காங்களே” என்று பதில் போட்டேன். அன்று மாலையே அந்தத் திருத்தம் மாறிவிட்டது. இந்த முறை எந்த வியாபாரியும் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை.